சோதனை என்றாலே வகுப்பு சந்தைக்கடை ஆகிறது, என்ன செய்வது?

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், வேலைக்குச் சேர்ந்து முதல் வருடம். பாடம் நடத்தினால் பாதிப் பேர் தூங்கி வழிகிறார்கள். சரி, சோதனை செய்யலாம் என்றால் ஒரே கூச்சல். கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா?

பதில்: உங்களிடம் கண்டிப்பு போதவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. சாமானைக் கையில் கொடுத்த பிறகு விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறீர்களோ என்றுதான் சந்தேகம். மெழுகுவத்தி மேசைக்கு வந்துவிட்டால் அப்புறம் யார் காது கொடுப்பார்கள்? முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடியுங்கள், ஒருவரை எழுப்பி அதைத் திருப்பிச் சொல்ல வையுங்கள், பிறகு சாமானைக் கொடுங்கள்.

ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்து 1970இல் எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான்: சேட்டை நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதால் பெரிய வித்தியாசம் வருவதில்லை, பாடம் தொய்வில்லாமல் நகர்வதும் எல்லாம் அவர் கண்ணில் படுகிறது என்று பிள்ளைகள் உணர்வதும்தான் வகுப்பைக் கட்டுக்குள் வைக்கின்றன.

அடுத்தது, சோதனைக்கு முன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பது, உங்களுக்குத் தெரிந்த சோதனைதான். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்சிஜன் தீர்ந்தது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்தது என்று முக்கால்வாசிப் பேர் எழுதுவார்கள் (ஆசிரியர்களிலும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள்). உடனே திருத்தாதீர்கள். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் சுடர் அணைந்த பிறகுதான் கிடுகிடுவென்று ஏறும். டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதையும் யாராவது ஒருவர் கவனித்துவிடுவார். அப்புறம் அதே டம்ளருக்குள் 3 மெழுகுவத்தி வைத்துக் காட்டுங்கள். தண்ணீர் இன்னும் மேலே போகும். ஆக்சிஜன் கூடவில்லையே, பின் எப்படி? சூடான காற்று விரிந்து கொஞ்சம் வெளியே போனது, மிச்சம் குளிர்ந்து சுருங்கியது என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேரட்டும். அப்போதும் சத்தம் இருக்கும், அது தண்ணீரைப் பற்றிய சண்டை, அதை அடக்காதீர்கள்.

கேள்வி கேட்டதும் நீங்களே பதிலைச் சொல்லிவிடாமல் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். சாதாரணமாக ஆசிரியர்கள் ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை, அதை 3 விநாடி ஆக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே காட்டிவிட்டார்.

கண்டிப்பு வேண்டிய இடமும் உண்டு: தீ, அமிலம், உடைந்த கண்ணாடி. அங்கே விளையாடினால் அந்தக் குழுவுக்கு அன்று சோதனை கிடையாது, உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், நடக்கும்போது கத்தாமல் சாமானை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், அடுத்த வகுப்பில் எதுவும் நடக்காததுபோல் திருப்பிக் கொடுங்கள்.