மைலும் இரண்டு பால்மாப் பெட்டியும்: கடனட்டைக் கேள்வி பதில்

கட்டாரில் பதினான்கு வருடம் கணக்குப் பகுதியில் வேலை பார்த்துவிட்டுக் கல்லடிக்குத் திரும்பியவன் நான். ஊருக்கு வந்த பிறகு ஆட்கள் என்னிடம் அதிகம் கேட்பது விமானக் கடனட்டையின் போனஸ் புள்ளிகளைப் பற்றித்தான். கேட்டவர்களின் கேள்விகளோடு என் பதில்களையும் கீழே தருகிறேன்.

களுவாஞ்சிக்குடி, ஆசிரியை: சேர், புதிதாகக் கடனட்டை எடுத்தால் விமான டிக்கெட் இலவசம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை, டீச்சர். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் என்ற புள்ளியைக் கொடுக்கத் தொடங்கியது; சேர்ந்த மைலைக் கொண்டு டிக்கெட் எடுக்கலாம். 1987இல் சிற்றி வங்கியோடு சேர்ந்து அட்டையில் செலவழிப்பவர்களுக்கும் கொடுத்தது. அன்று முதல் விமான நிறுவனங்களுக்கு மைல் ஒரு விற்பனைப் பொருள். வங்கி அதை மொத்தமாக வாங்கி, "எங்கள் அட்டையை எடு, மூன்று மாதத்துக்குள் இவ்வளவு செலவழி" என்று உங்கள் கையில் வைக்கிறது. நீங்கள் ஒருமுறையாவது நிலுவையை மீதம் வைத்து வட்டி கட்டுவீர்கள் என்பதுதான் வங்கியின் எதிர்பார்ப்பு.

கணக்காகவே பாருங்கள். ஒரு இலட்சம் ரூபாவை மாதம் 2 வீத வட்டியில் ஆறு மாதம் நிலுவையில் விட்டால் 12,000 ரூபாவுக்கு மேல் போய்விடும். கிடைத்த புள்ளிகள் அந்தப் பணத்துக்கு ஈடாகாது. மாதக் கூற்று வந்தவுடன் முழுத் தொகையையும் கட்டுகிறவருக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு. நம் நாட்டு அட்டைகளில் செலவுக்கேற்பப் புள்ளி சேர்த்து, அதை ஸ்ரீலங்கன் விமானத்தின் ஃபிளைஸ்மைல்ஸ் மைலாக மாற்றலாம். ஆனால் நான் பார்த்தவரையில், கொழுத்த வரவேற்பு போனஸ் கிடைப்பது லண்டனிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான்.

ஆரையம்பதி, கடைக்காரர்: அண்ணன், மூன்று மாதம் என்பது எந்த நாளிலிருந்து? அட்டை கையில் கிடைத்த நாளா?

தம்பி, இந்தக் கேள்வியை நானும் டோஹாவில் கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பெரும்பாலும் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணுவார்கள். என் அட்டை தபாலில் வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆனது. அது தெரியாமல் ஆறுதலாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன். கடைசி நாள் இரவு கணக்குப் பார்த்தால் இன்னும் 140 ரியால் குறைகிறது. பக்கத்துக் கடைக்கு ஓடினேன். என்ன வாங்குவதென்று தெரியாமல் இரண்டு பெரிய பால்மாப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தொகை சரிதான். ஆனால் அந்தச் செலவு கணக்கில் பதிவாக இரண்டு நாள் எடுத்தது; அந்த வங்கி பார்த்தது பதிவான நாளை. வருடக் கட்டணத்தையும் செலவில் சேர்த்துக் கணக்கிட்டிருந்தேன், அதையும் வங்கி சேர்க்கவில்லை. போனஸ் போயிற்று. பால்மாவை மாதக்கணக்கில் குடித்தோம்.

ஆகவே அங்கீகார நாளைக் கலண்டரில் குறியுங்கள். பத்து நாள் முன்னதாகவே இலக்கை முடியுங்கள். இயந்திரத்தில் காசு எடுத்தால் அது செலவாகக் கணக்கில் வராது. எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஏறும்.

வாழைச்சேனை, ஓர் அம்மா: மகன் லண்டனில். அவனிடம் நிறையப் புள்ளி இருக்கிறதாம். அதை எனக்கு அனுப்பச் சொன்னால் நான் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா?

அம்மா, அவரிடம் புள்ளியை அனுப்பச் சொல்லாதீர்கள், டிக்கெட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்குப் புள்ளியை மாற்றப் பொதுவாகக் கட்டணம் உண்டு. தன் புள்ளியைக் கொண்டே தாய்க்கு டிக்கெட் எடுப்பதற்குத் தடையில்லை.

லண்டனில் எடுத்த அட்டை என்றால் அநேகமாக அது பிரிட்டிஷ் ஏர்வேஸின் ஏவியோஸ் என்ற புள்ளியாக இருக்கும். அதற்காகப் பிரிட்டிஷ் ஏர்வேஸில்தான் பறக்கவேண்டும் என்றில்லை. 2022இலிருந்து கட்டார் ஏர்வேஸும் ஏவியோஸைத்தான் பயன்படுத்துகிறது. மகன் இரண்டிலும் தன் பெயரில் கணக்கு வைத்திருந்தால் ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டு உங்களை டோஹா வழியாக அழைக்கலாம். இந்த இரண்டும் ஒன்வேர்ல்ட் என்ற விமான நிறுவனக் கூட்டணியில் இருக்கின்றன; ஸ்ரீலங்கன் விமானமும் 2014 மே முதல் அதே கூட்டணியில் இருப்பதால் நேரடி விமானத்திலும் இடம் தேடலாம்.

ஒரு விடயத்தை மட்டும் மகனிடம் சொல்லிவையுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸில் குடும்பக் கணக்கு ஒன்று திறந்திருந்தால், அந்தக் கணக்கிலோ அதோடு சேர்ந்த உறவினர், நண்பர் பட்டியலிலோ உள்ளவர்களுக்கே அவர் டிக்கெட் எடுக்கமுடியும். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டாரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

புள்ளியால் டிக்கெட் எடுத்தாலும் வரியைக் காசாகத்தான் கட்டவேண்டும். பிரித்தானியாவிலிருந்து புறப்படும் பயணிக்கு அந்நாட்டு அரசு பயண வரி விதிக்கிறது. நம் தூரத்துக்குச் சாதாரண வகுப்பில் 2025 ஏப்ரல் முதல் அது 90 பவுணுக்குக் குறையாது. இங்கிருந்து அங்கே போகும்போது அந்த வரி இல்லை, திரும்பி வரும்போது மட்டும்தான். பேரப்பிள்ளைகள் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களானால் சாதாரண வகுப்பில் அவர்களுக்கு அது கிடையாது. இதற்கு மேல் விமான நிறுவனம் தன் பங்குக்குப் போடும் மேலதிகக் கட்டணமும் உண்டு; "இலவச டிக்கெட்" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் உடைகிறது.

எது இலாபம் என்று பார்க்க நான் செய்வது இவ்வளவுதான்: காசுக்கு வாங்கினால் டிக்கெட் 180,000 ரூபா, புள்ளியில் எடுத்தால் 60,000 ரூபா வரியும் 40,000 புள்ளியும் என்று வையுங்கள். மிச்சப்படுவது 120,000 ரூபா. ஒரு புள்ளிக்கு மூன்று ரூபா. வரி 150,000 ரூபா என்று வந்தால் ஒரு புள்ளிக்கு முக்கால் ரூபாதான். அப்போது புள்ளியைத் தொடாமல் காசுக்கே வாங்கச் சொல்லுங்கள்.

செங்கலடி, வங்கி எழுதுவினைஞர்: மருமகன் ரொறன்ரோவில் ஏரோபிளான் புள்ளி வைத்திருக்கிறார். அதுவும் இப்படித்தானா?

அது கொஞ்சம் நல்லது. ஏர் கனடாவின் அந்தத் திட்டம் 2020 நவம்பரில் புதுப்பிக்கப்பட்டபோது விமான நிறுவனங்களின் மேலதிகக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அரச வரிகளும், பங்காளி விமானமானால் 39 கனேடிய டொலரும்தான். ஏர் கனடா இருக்கும் ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் ஏர் இந்தியா, சிங்கப்பூர், துருக்கிய விமானங்கள் கொழும்புக்கு வருகின்றன. மார்கழி விடுமுறைக்கு மட்டும் ஆசைப்படவேண்டாம். புள்ளிக்கு ஒதுக்கும் இடம் கொஞ்சம், எல்லாருக்கும் விடுமுறை ஒரே நேரத்தில்தான். பத்து, பதினொரு மாதம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

காத்தான்குடி, வியாபாரி: உம்ராவுக்குப் போக மைல் சேர்க்க நினைக்கிறேன். வட்டிப் பயம் இருக்கிறது.

காக்கா, மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள். அதில் நான் வாய் திறக்க முடியாது. கணக்குப் பக்கம் மட்டும் சொல்கிறேன்: முழுத் தொகையும் உரிய திகதியில் தானாகவே கழிக்கப்படும்படி வங்கியில் எழுதிக்கொடுங்கள். சவூதியா விமானம் ஸ்கைடீம் கூட்டணியில் இருக்கிறது; ஃபிளைஸ்மைல்ஸ் மைல் அங்கே உதவாது. ஏவியோஸ் சேர்த்தால் டோஹா வழியாகவும், எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் சேர்த்தால் துபாய் வழியாகவும் ஜித்தாவுக்குப் போகலாம். எந்த விமானத்தில் போகப்போகிறீர்கள் என்று முடிவெடுத்த பிறகு அட்டையைத் தேடுங்கள். நம்மவர்கள் அட்டையை எடுத்த பிறகுதான் விமானத்தைத் தேடுகிறார்கள்.

கல்முனை: ஒருவர் மைலில் எடுத்த டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். மைலைக் காசுக்கு விற்பது திட்ட விதிகளுக்கு முரண். பிடிபட்டால் அவர் கணக்கு மூடப்படும், உங்கள் டிக்கெட் இரத்தாகும். கட்டுநாயக்கவில் பெட்டியோடு நிற்பது நீங்கள்.

திருக்கோவில், மாணவன்: விமானத்தில் போய்வந்தும் மைல் ஏறவில்லை. ஏன்?

பெயரைப் பாருங்கள், தம்பி. கணக்கைத் திறக்கும்போது தகப்பன் பெயருக்கு முதலெழுத்தை மட்டும் போட்டிருப்பீர்கள். கடவுச்சீட்டில் அது முழுதாக இருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது. கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைத் திருத்தக் கேட்டு, விமானம் ஏறும் அட்டையின் (போர்டிங் பாஸ்) துண்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்தத் துண்டை விமானத்தின் இருக்கைப் பையில் விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மட்டக்களப்பு நகரம்: நம் விமான நிலையத்திலிருந்தே மைலில் பறக்கலாமா?

2019இல் சர்வதேச விமான நிலையமாக அறிவித்தார்கள். ஆனாலும் நீங்கள் கட்டுநாயக்கவிலிருந்தே டிக்கெட் போடுங்கள். இரவு ரயிலுக்கு மைல் கிடையாது.

அக்கரைப்பற்று: சேர்த்த புள்ளி எத்தனை காலம் இருக்கும்? உங்களிடம் இப்போது எவ்வளவு இருக்கிறது?

ஏவியோஸ் 36 மாதம் கணக்கில் அசைவே இல்லாவிட்டால் போய்விடும். சிறிதாக எதையாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ மறுபடி 36 மாதம். ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கு அந்தச் சலுகை இல்லை. ஏறத்தாழ மூன்று வருடத்தில், உங்கள் பிறந்த மாத முடிவில் காலாவதியாகும். புள்ளிகளின் விலைப்பட்டியலை நிறுவனம் நினைத்தபோது ஏற்றிவிடும் என்பதால் நான் சேமித்து வைப்பதில்லை.

என்னிடம் இருப்பது 1,140 ஏவியோஸ். மிச்சத்தில் போன மாசியில் மகள் டோஹாவிலிருந்து வந்து போனாள். வரும்போது ஒரு பால்மாப் பெட்டி கொண்டுவந்தாள், வேண்டுமென்றே.