“முடித்தே ஆக வேண்டும்”: தள்ளிப்போடுவது பற்றிக் கேள்வி பதில்

கல்லூரி மாணவர்களுக்கு நெடுங்காலம் உளவியல் ஆலோசகராக இருந்தவன் நான். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆய்வு மாணவி, கோவை: ஐயா, ஆய்வேட்டின் மூன்றாம் இயல் எட்டு மாதமாக நிற்கிறது. கோப்பைத் திறந்தாலே அலமாரியை அடுக்கத் தோன்றுகிறது. நான் சோம்பேறியா?

அலமாரியை அடுக்குகிறவரை எப்படிச் சோம்பேறி என்பது? வள்ளுவரே 605ஆம் குறளில் நெடுநீரையும் மடியையும் தனித்தனியாக எண்ணுகிறார். காலம் நீட்டிப்பது வேறு, சோம்பல் வேறு. (இரண்டுமே கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம்தான் என்கிறார், அதையும் மறைக்கவில்லை.)

அந்த இயல் யாருடையது? உங்கள் மனத்தில் அது நெறியாளரின் வேலையாகவே இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். தன் சுதந்திரம் பறிபோவதாகத் தோன்றினால் மனம் அதை மீட்க முரண்டு பிடிக்கும் என்று ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966இல் எழுதினார். நெறியாளரிடம் “முடியாது” என்று சொல்ல வழியில்லை. அதனால் “நாளைக்கு” என்கிறோம்.

ஒரு மாலை உட்கார்ந்து, ஆய்வை விட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசியுங்கள். போன ஆண்டுகள், வரும் உதவித்தொகை, அடுத்த வேலை எல்லாவற்றையும் கணக்குப் பாருங்கள். விடுவதென்றால் விடுங்கள். இல்லையென்றால், அன்றிலிருந்து அது நீங்கள் எடுத்த முடிவு. பிறகு “இயலை முடித்தே ஆக வேண்டும்” என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். “காலை பத்து மணிக்கு இரண்டாம் அட்டவணைக்கு விளக்கம் எழுதப் போகிறேன்” என்று சொல்லுங்கள். இயலை முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

கடைக்காரர், ஈரோடு: வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வதில் என்ன சுதந்திரம் இருக்கிறது?

பிடித்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ‘இது என் முடிவு’ என்கிற தன்னாட்சி உணர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் அப்படிச் சொல்லவில்லை. காரணத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் போதும். கெடு தாண்டினால் 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். பணமா, ஒரு ஞாயிற்றுக்கிழமையா என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

ஒரு தாய், திருச்சி: மகன் பன்னிரண்டாம் வகுப்பு. சொல்லச் சொல்லப் படிக்க மாட்டேன் என்கிறான்.

“சொல்லச் சொல்ல” என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், அம்மா. எந்தப் பாடம் முதலில், விடியற்காலையிலா இரவிலா, மேசையிலா மொட்டை மாடியிலா என்பதை அவனிடம் விடுங்கள். “இப்போது படிக்கிறாயா, ஐந்து நிமிடம் கழித்தா?” என்று கேட்பது தேர்வல்ல, மிரட்டல். பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். ஒரு வாரம் நினைவூட்டாமல் இருந்து பாருங்கள்.

மென்பொருள் பணியாளர், சென்னை: கெடு இல்லாவிட்டால் நான் எதையும் செய்ய மாட்டேன். பிறகு இந்தச் சுதந்திரப் பேச்சு எதற்கு?

நியாயமான கேள்வி. டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ராக்கும் 2002இல் வெளியிட்ட ஆய்வு உங்கள் பக்கம்தான் பேசுகிறது. மூன்று கட்டுரைகளுக்குத் தாங்களே கெடு வைத்துக்கொண்ட மாணவர்களைவிட, சம இடைவெளியில் ஆசிரியர் கெடு வைத்தவர்கள் அதிக மதிப்பெண் பெற்றார்கள். ஆனால் அதே ஆய்வில், தாமதித்தால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்தும் பலர் கடைசி நாளுக்கு முன்பாகவே தங்களுக்குக் கெடு வைத்துக்கொண்டார்கள். தங்கள் பலவீனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நீங்களும் கெடுவைக் கேட்டு வாங்குங்கள். “வியாழன் மாலை என்னிடம் கேள்” என்று நண்பரிடம் நீங்களாகச் சொல்லும்போது கயிறு உங்கள் கையில்தான் இருக்கிறது.

கல்லூரி மாணவர், நெல்லை: போன தேர்வுக்குக் கடைசி நாள்தான் படித்தேன். இன்னும் என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிறுத்துங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் (2010), முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்.

அதே தாய், திருச்சி: ஒரு வாரம் சொல்லாமல் இருந்தால் அவன் புத்தகத்தைத் தொடவே மாட்டானே, ஐயா?

முதல் சில நாள் தொடாமலும் இருக்கலாம். அந்த நாள்களில் அவன் அறைப் பக்கம் போகாமல் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள், அம்மா.