ஞாயிறு மதியத்து வெர்மூத்

அன்புள்ள சார்,

வேலை கிடைத்து பார்சிலோனாவுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆபீஸ் நண்பர்கள் "வெர்மூத்துக்கு வா" என்று கூப்பிடுகிறார்கள். ஒருமுறை போனேன். மதியம் ஒரு மணி. தாத்தா, பாட்டி, கைக்குழந்தையோடு வந்த தம்பதி என்று கடை நிறையக் கூட்டம். பெரியவர்கள் எல்லோர் கையிலும் சிவப்பாக ஒரு கிளாஸ். ஒரு வாய் குடித்துப் பார்த்தேன், கஷாயம் மாதிரி கசந்தது. நான் குடிக்கிறவன் இல்லை. வெறும் வயிற்றில் குடிப்பதைவிடக் கெடுதல் வேறில்லை என்று கேட்டு வளர்ந்தவன். இவர்கள் அதையே பண்பாடு என்கிறார்கள். குடிக்கு வைத்த கௌரவமான பெயர்தானே இது? அந்தக் கசப்பு எதற்கு? நான் போகாமல் இருந்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா?

எம்., பார்சிலோனா

அன்புள்ள எம்.,

நீங்கள் குடித்தது கஷாயம் மாதிரி அல்ல, கஷாயமேதான். ஒயினில் கொஞ்சம் சாராயம் சேர்த்து வீரியம் ஏற்றுகிறார்கள். நம் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த வோர்ம்வுட் என்ற கசப்புச் செடியை அதில் ஊறப்போடுகிறார்கள். கூடவே ஜென்ஷன் வேர், சின்கோனா பட்டை, ஆரஞ்சுத் தோல், லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி விதை என்று அந்தந்தக் கம்பெனியின் கைப்பக்குவம். சிவப்பு வெர்மூத் சிவப்பு ஒயினில் செய்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது வெள்ளை ஒயின். கருக்கிய சர்க்கரை போட்டு நிறமேற்றியிருப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி அதில் 75 சதவீதமாவது ஒயின் இருக்கவேண்டும், ஆல்கஹால் 14.5 முதல் 22 சதவீதத்துக்குள். ஆகவே "சும்மா லேசான சரக்கு" என்று நண்பர்கள் சொன்னால் நம்பாதீர்கள். பீரைப் போல மூன்று மடங்கு வீரியம். தித்திப்பும் ஐஸும் சேர்ந்து அதை மறைத்துவிடுகின்றன.

கசப்பு பசியைக் கிளப்பும் என்பது எல்லா ஊர் வைத்தியத்திலும் உள்ள நம்பிக்கை. நாக்கில் கசப்பு பட்டால் எச்சில் ஊறும். வங்காளிகள் மதியச் சாப்பாட்டை பாகற்காய் போட்ட சுக்தோவில் தொடங்குவதும் இதே கணக்குதான், அங்கே மது கிடையாது, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. சிறிய அளவு ஆல்கஹாலே பசியைக் கூட்டும், கசப்பு இல்லாவிட்டாலும். வெர்மூத்தைப் புகழ்கிறவர்கள் பெருமையை எல்லாம் மூலிகைக்குக் கொடுத்துவிட்டு இதை மட்டும் சொல்லாமல் விடுவார்கள்.

இனி பண்பாடு. மூலிகை ஊறவைத்த ஒயின் கிரேக்கர், ரோமானியர் காலத்திலேயே மருந்தாக இருந்தது. ஆனால் நீங்கள் பார்த்த வழக்கம் அவ்வளவு பழையது இல்லை. இத்தாலியில் டூரின் நகரத்தில் 1786-ல் அந்தோனியோ பெனடெட்டோ கார்ப்பானோ விற்ற வெர்மூத்திலிருந்துதான் இன்றைய கதையைத் தொடங்குவார்கள். அதற்கடுத்த நூற்றாண்டில் அது கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. 1820-ல் சின்கோனா பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். மலேரியாவுக்கு மருந்து, ஆனால் வாயில் வைக்க முடியாத கசப்பு. அதை விழுங்கவைக்க பிரெஞ்சுக்காரர்கள் ஒயினைப் பிடித்தார்கள். 1846-ல் டுபோனே என்ற குயினைன் ஒயின் வந்தது அப்படித்தான். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்கள் டானிக் தண்ணீரில் கரைத்து ஜின்னோடு குடித்தார்கள். நீலகிரியில் 1860-களில் சின்கோனாத் தோட்டம் போட்டதும், நடுவட்டத்தில் குயினைன் ஆலை நடந்ததும் அதே மலேரியா பயத்தில்தான். பிரான்சின் தெற்கே பிரனீஸ் மலையடிவாரத்துத் துயிர் ஊரில் 1866-ல் தொடங்கிய பீர் என்ற குயினைன் ஒயினை (நம் பீர் அல்ல) சத்து மருந்து என்று சொல்லியே விற்றார்கள். பத்து லட்சம் லிட்டர் கொள்ளும் ஓக் மரத் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அத்தனை லிட்டர் மருந்து யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்கக்கூடாது!

மருந்துக்கடையிலிருந்து காபிக்கடை மேஜைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு. 1932-ல் போஸ்டர் ஓவியர் கசாந்த்ர் டுபோனேவுக்கு வரைந்த போஸ்டரை இன்றும் வடிவமைப்பு மாணவர்களுக்குக் காட்டுகிறார்கள். அதே வருஷம் இத்தாலியில் ஓவியர் டெப்பெரோ உருவமைத்த குட்டி பாட்டிலில் காம்பாரி சோடா என்ற கசப்பு மதுபானம் வந்தது, ஒரு ஆளுக்கு ஒன்று என்ற அளவில். ஆக, "பரம்பரை வழக்கம்" என்று நண்பர்கள் சொல்வதில் கணிசமான பகுதி கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த பாதை. நீங்கள் சந்தேகப்பட்டது சரிதான்.

ஆனாலும் அது வெறும் பெயர் மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நீங்கள் இருக்கும் ஊருக்குத் தெற்கே ரெயுஸ் என்று ஒரு ஊர் இருக்கிறது. கட்டடக் கலைஞர் கௌதி பிறந்த ஊராகக் கருதப்படுவது. ஒரு காலத்தில் சாராய வியாபாரத்தில் "ரெயுஸ், பாரிஸ், லண்டன்" என்று வரிசைப்படுத்திப் பேசப்பட்ட ஊர். வெர்மூத் செய்யும் இசாகிர்ரே கம்பெனி 1884-ல் அங்கேதான் தொடங்கியது. வெர்மூத்துக்கென்றே ஒரு மியூசியமும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கடைகளில் ஞாயிறு மதியத்தைக் கவனித்தால் விஷயம் புரியும். தாழ்வான கிளாஸில் ஐஸ், ஆரஞ்சு வில்லை, குச்சியில் குத்திய ஆலிவ். பக்கத்தில் சோடா சைஃபன். வீரியம் எவ்வளவு வேண்டுமோ அவரவரே பீய்ச்சிக் குறைத்துக்கொள்ளலாம். தட்டில் உருளைக்கிழங்கு சிப்ஸ், அதன்மேல் வினிகரும் மிளகாய்த்தூளும் கலந்த சிவப்பு சாஸ். டின்னில் அடைத்த சிப்பி, உப்பில் பதப்படுத்திய நெத்திலி. எதுவுமே வயிற்றை நிரப்பாது. நிரப்பக்கூடாது என்பதுதான் ஏற்பாடு. இரண்டு, இரண்டரை மணிக்கு வீட்டில் பாட்டி சோற்றை அடுப்பிலிருந்து இறக்கிவிடுவாள். தாமதமாகப் போனால் ஏச்சு விழும்.

இந்தக் குடிக்கு முடிவு நேரம் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது. குறிப்பது போலீஸோ பார் முதலாளியோ இல்லை, அடுத்து வரும் சாப்பாடு. நம் டாஸ்மாக் பாரிலும் சாப்பாட்டுக்கு முன்னால்தான் குடிக்கிறார்கள். ஆனால் அங்கே பாட்டில் தீரும்வரை சாப்பாடு தள்ளிப்போகும். சைட் டிஷ்ஷே சாப்பாடாகி, வீட்டில் மூடி வைத்த தட்டு அப்படியே ஆறிப்போகும். வெறும் வயிறு இரண்டிலும் உண்டு. வித்தியாசம், மறுமுனையில் யாரோ சோற்றோடு காத்திருப்பதை மதிப்பதில் இருக்கிறது. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் அதே மேஜையில் உட்கார்ந்திருப்பது இன்னொரு கடிவாளம்.

அந்தக் கட்டு அறுந்தால் ஐரோப்பாவிலும் கதை மாறிவிடும். பிரான்சில் அதே வோர்ம்வுட்டைப் போட்டு வடித்த அப்சிந்தைச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடிப்பதும் சாப்பாட்டுக்கு முந்தைய மரியாதையான வழக்கமாகத்தான் இருந்தது. "பச்சை நேரம்" என்று அதற்குச் செல்லப்பெயர். கிளாஸ் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் ஐந்து மணி இரவுவரை நீண்டது. 1915-ல் அரசாங்கமே தடை செய்யவேண்டியதாயிற்று. இன்று மிலானில் ஒரு கிளாஸ் வாங்கினால் பாஸ்தா, பீட்சா, சாலட் என்று பஃபேயே கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. இளைஞர்கள் அதையே இரவுச் சாப்பாடாக முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. சாப்பாடு போய்விட்டால், சாப்பாட்டுக்கு முந்தைய பானம் எதற்கு முந்தையது?

உடல்நலக் கேள்விக்கு நான் சுற்றி வளைக்கவில்லை. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூலிகை போட்டதால் அந்தக் கணக்கு மாறாது. குடிக்காத நீங்கள் இதற்காகத் தொடங்க ஒரு காரணமும் இல்லை.

ஆனால் போகாமல் இருக்காதீர்கள். கூப்பிடுகிறவர்கள் உங்களைக் குடிக்கவைக்கக் கூப்பிடவில்லை, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிடுகிறார்கள். கடையில் "மோஸ்தோ" என்று கேளுங்கள். புளிக்காத திராட்சைச் சாறு. அதே கிளாஸில், அதே ஐஸ், அதே ஆலிவோடு தருவார்கள், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கசப்புதான் பிடித்திருந்தது என்றால் பிட்டர் காஸ், சிவப்பாக இருக்கும், ஆல்கஹால் கிடையாது. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் ஆலிவை வாயில் போடுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே நெத்திலி வைப்பது அங்கே சர்வ சாதாரணம்.