துறை, பட்டினம், இறங்குதளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஊர் கடற்கரையில் இல்லை, கப்பலும் வந்ததில்லை. அப்படியிருக்க ஊர்ப்பெயரில் ‘துறை’ எப்படி வந்தது? அது ‘துறைமுகம்’ என்பதன் சுருக்கமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சுருக்கம் அன்று; இரண்டில் துறைதான் மூத்த சொல். ஆறோ, குளமோ, கடலோ, நீருக்குள் இறங்கவும் மீண்டு கரையேறவும் வாய்ப்பான இடம் எதுவோ அதுவே துறை. குடிநீர் எடுக்கும் இடத்தைச் சங்கப் பாடல்கள் உண்துறை என்கின்றன. துணி வெளுக்கும் இடம் வண்ணான்துறை, தோணி வந்து நிற்கும் இடம் தோணித்துறை. உங்கள் ஊர்த் துறை காவிரியில் நீராடும் துறை. ஐப்பசி மாதத்தில் கூட்டம் திரளும் அந்தப் படித்துறையைத்தான் துலாக்கட்டம் என்கிறீர்கள். திருவாவடுதுறையும் அதே காவிரிக் குடும்பத்துப் பெயர்தான்.

கலம் வந்து நிற்கும் துறைகளைக் காண யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரைக்குப் போக வேண்டும். காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று அங்கே துறைகள் வரிசையாக இருக்கின்றன. சோழமண்டலக் கரையிலோ நாகப்பட்டினம், அதிராம்பட்டினம் என்று பட்டினங்கள் மிகுதி. துறை என்பது இறங்கும் இடத்தை மட்டும் குறிக்க, பட்டினம் அதைச் சுற்றி எழுந்த பண்டகசாலை, சுங்கம், வணிகர் தெரு அனைத்தும் சேர்ந்த ஊரைக் குறிக்கிறது. பட்டினம் என்றால் கடற்கரை ஊர், பட்டணம் என்றால் பொதுவாக நகரம் என்று பள்ளியில் பிரித்துச் சொல்லித் தருவார்கள். குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணம் கடலோரத்தில் இருந்துகொண்டே அந்த விதிக்குக் கட்டுப்படாமல் நிற்கிறது.

இவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொரு சொல் புகார். ஆறு கடலில் புகும் வாய்க்கு அது பெயர். காவிரிப்பூம்பட்டினத்துக்கே அது ஊர்ப்பெயராகவும் நிலைத்தது. பாயைக் களையாமலும் பாரத்தைக் குறைக்காமலும் புகாருக்குள் நுழைந்த பெருங்கலத்தைப் புறநானூற்றின் 30ஆம் பாடல் பேசுகிறது. சரக்கேற்றிய கப்பல் பாய் விரித்தபடியே உள்ளே வர வேண்டுமானால் ஆற்றுவாய் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று அதே வாயை முகத்துவாரம் என்கிறோம். அது மணல் மூடி அடைத்துக்கொண்டது, தூர்வார வேண்டும் என்று மீனவர்கள் மனுக் கொடுக்கும்போதுதான் அந்தச் சொல் பெரும்பாலும் செய்தியில் அடிபடுகிறது.

கேள்வி: புயல் செய்திகளில் ‘நங்கூரமிட்டு நிறுத்தப்பட்ட படகுகள்’ என்றும் ‘கட்டி வைக்கப்பட்ட படகுகள்’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்களே, இரண்டும் ஒன்றுதானா?
– வாசகர், இராமேசுவரம்

பதில்: ஒன்றல்ல, உங்கள் ஊரார் இதை என்னைவிட நன்றாக அறிவார்கள். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கின்றன. தொழிலுக்குப் போகிறவர்கள் வத்தை என்னும் சிறு படகில் ஏறி விசைப்படகை அடைகிறார்கள். அந்தப் படகைப் பிடித்து வைத்திருப்பது கடலடியில் கிடக்கும் இரும்பும் அதில் பிணைத்த கயிறும் மட்டுமே என்பதால், சூறைக்காற்றில் கயிறு அறுந்துவிட்டால் அது பக்கத்துப் படகின்மேல் மோதும் அல்லது கரைதட்டும். கட்டி வைத்த படகின் நிலை வேறு. அது மேடையை ஒட்டி, பழைய லாரி டயர் இடையில் உரச, கரையிலுள்ள கட்டையில் கயிற்றால் பிணைக்கப்பட்டு நிற்கிறது. ஆள் நேரே ஏறி இறங்கலாம்.

இந்தப் பிணைப்புக்குப் பட்டினப்பாலையில் அருமையான காட்சி ஒன்று உண்டு. வெள்ளுப்பைக் கொடுத்து நெல்லை ஏற்றிக்கொண்டு வந்த பஃறி என்னும் படகுகள், இலாயத்தில் நிற்கும் குதிரைகளைப் போல, உப்பங்கழி ஓரத்துத் தறிகளில், அதாவது நட்ட கட்டைகளில், கட்டப்பட்டு நிற்கின்றன. அதே புகார்ப் பகுதியில், கீழையூரில், அகழ்வாராய்ச்சியின்போது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் மரக்கம்பங்களும் வெளிப்பட்டன, அவை கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணித்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறையையும் விட்டுவிடக் கூடாது: கரையேற்றுதல். கட்டுமரத்துக்குத் துறையும் வேண்டாம், நங்கூரமும் வேண்டாம். நான்கு தோள்கள் போதும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் காயப்போட்டுவிடுவார்கள். ஆகவே செய்தி எழுதுகிறவர்கள் ‘நிறுத்தப்பட்டிருந்த படகுகள்’ என்று பொதுவாக முடித்துவிடாமல், பாய்ச்சியதா, கட்டியதா, ஏற்றியதா என்று கேட்டு எழுதுவது நல்லது. சேதம் எப்படி நேர்ந்தது என்பதே அந்த ஒரு வினைச்சொல்லில் தெரிந்துவிடும்.

கேள்வி: ‘ஜெட்டி’, ‘பெர்த்’ ஆகியவற்றுக்கு வழக்கில் உள்ள தமிழ்ச் சொற்கள் எவை?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: படகில் ஏறி இறங்கும் மேடையான முதலாவதற்கு இறங்குதுறை. இலங்கையில் இது அன்றாட வழக்கு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிறவர்கள் குறிகட்டுவான் இறங்குதுறைக்குத்தான் போகிறார்கள். துறைமுகத்துக்குள் கப்பல் அணைந்து நிற்கும் இடமான இரண்டாவதற்கு உங்கள் துறைமுகச் செய்திகளிலேயே ‘கப்பல் தளம்’, ‘சரக்குத் தளம்’ என்று வருகிறது; அதுவே போதும்.

கேள்வி: எங்கள் ஊரில் தூண்டில் வளைவு கட்டியிருக்கிறார்கள். இனி எங்கள் ஊரை மீன்பிடித் துறைமுகம் என்று சொல்லலாமா?
– வாசகர், குமரி மாவட்டம்

பதில்: சொல்ல இயலாது. தூண்டில் முள்ளைப் போல வளைத்துக் கடலுக்குள் கொட்டிய கல்வரிசை அலையை அடக்கும். அதன் மறைவில் படகை இறக்கலாம், ஏற்றலாம், அவ்வளவே. ஏலக்கூடமும் வலை பின்னும் கூடமும் சேர்ந்தால் மீன் இறங்குதளம். ஆழப்படுத்திய நீர்ப்பரப்பு, படகு அணையும் மேடை, டீசல், பனிக்கட்டி, பழுதுபார்க்கும் இடம் ஆகியவையும் அமைந்தால்தான் சின்னமுட்டம் போல மீன்பிடித் துறைமுகம்.

கல்லைக் கொட்டுவதில் இன்னொரு கணக்கும் உண்டு. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட, கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தன. 1870களில் தொடங்கிய துறைமுகச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்வதால், அந்தச் சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. உங்கள் கரையில் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வளைவு கட்டிய பொறியாளரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.