பத்து வரிக்கு முழு ஃபைலும் எதற்கு?

கேள்வி: ஒரு ஃபைலின் கடைசிப் பத்து வரிகளைக் காட்ட பைத்தானில் ஃபங்ஷன் எழுதினேன். ரீட்லைன்ஸ் போட்டு, வந்த லிஸ்ட்டில் கடைசிப் பத்தை வெட்டி எடுத்தேன், அவ்வளவுதான். சின்ன ஃபைலுக்குச் சரியாக ஓடுகிறது. 6 ஜிபி லாக் ஃபைலைக் கொடுத்தால் கம்ப்யூட்டரே நின்றுபோகிறது. என்ன தவறு?

பதில்: விடை சரி, வழிதான் தவறு. பத்து வரி பார்க்க 6 ஜிபியையும் மெமரியில் ஏற்றுகிறீர்கள். பைத்தானில் டெக் (deque) என்று லிஸ்ட் போன்ற ஒன்று இருக்கிறது, அதன் மேக்ஸ்லெனை, அதாவது அதிகபட்ச நீளத்தை, 10 என்று வைத்து ஃபைலை அதனிடம் கொடுத்துவிடுங்கள். பதினோராவது வரி உள்ளே வந்ததும் முதல் வரி தானாக வெளியே போய்விடும். ஒரே வரி வேலை. பைப் வழியாக, அதாவது இன்னொரு புரோகிராமிலிருந்து நேராக வரும் டேட்டா என்றால் பின்னால் போக முடியாது, அங்கே இதுதான் வழி.

ஆனால் இதுவும் 6 ஜிபியை முதலிலிருந்து படித்துத்தான் தீரும். நேரமும் மிச்சமாக வேண்டும் என்றால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். ஃபைலை பைனரியாகத் திறந்து (டெக்ஸ்ட்டாகத் திறந்தால் முடிவிலிருந்து பின்னால் நகர பைத்தான் விடாது), சீக் போட்டு முடிவுக்குப் போய், 8192 பைட் பின்னால் வந்து படித்து, அதில் எத்தனை நியூலைன் (வரி முடிவதைக் குறிக்கும் எழுத்து) என்று எண்ணுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு 8192. ஃபைலே அதைவிடச் சின்னது என்றால் எரர் வரும், அதனால் தொடக்கத்தைத் தாண்டிப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் கடைசி நியூலைன். பெரும்பாலான ஃபைல்கள் நியூலைனில்தான் முடியும். அதையும் சேர்த்துப் பத்து எண்ணினால் ஒன்பது வரிதான் கிடைக்கும், பதினொன்று எண்ண வேண்டும். நானும் இதில் ஒரு மாலை முழுக்க விழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அப்புறம், லாகில் தமிழ் இருக்கிறதா? யுடிஎஃப்-8 முறையில் 'க' 3 பைட், 'கி' 6 பைட். உங்கள் 8192 ஒரு எழுத்தை நடுவில் அறுத்துவிடலாம், அந்தத் துண்டை டீகோட் செய்தால் (பைட்டை எழுத்தாக மாற்றினால்) எரர்தான். துண்டுகளை பைட்டாகவே ஒட்டிக்கொண்டே வாருங்கள், பத்து வரியும் சேர்ந்த பிறகு, எண்ணி நிறுத்திய நியூலைனுக்கு அடுத்ததிலிருந்து மட்டும் ஒரே தடவை டீகோட் செய்யுங்கள். நியூலைனின் மதிப்பு 10. தமிழ் எழுத்தின் பைட்டுகள் எல்லாம் 128 அல்லது அதற்கு மேல், அதனால் எண்ணும்போது இரண்டும் குழம்பாது.