எலும்பு கூடிய பிறகு பிளேட்டையும் ஸ்க்ரூவையும் எடுக்க வேண்டுமா?

முன்கையில் பிளேட் வைத்து ஒரு வருஷம் ஆகிறது, எலும்பு கூடிவிட்டது, வலியும் இல்லை; ஆனாலும் "உடம்புக்குள்ள இரும்பு எதுக்கு, எடுத்துடு" என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எலும்பு ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருஷமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். முடிவு உங்கள் டாக்டருடையது. நான் பார்த்ததை வைத்துச் சொன்னால், தொந்தரவு இல்லாத பிளேட்டை அவசரப்பட்டுத் தொடாதீர்கள்.

உள்ளே இருப்பது 316எல் என்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ டைட்டானியமாகவோ இருக்கும். வாசல் கதவின் ஆணி போல அது துருப்பிடித்து உதிராது. எம்ஆர்ஐ கூடப் பெரும்பாலும் எடுக்கலாம். பிளேட் இருக்கும் இடத்தில் மட்டும் படம் தெளிவாக விழாது. ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பயப்பட வேண்டியது ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு இருக்கும் ஓட்டையைப் பற்றித்தான். பெரியவர்களின் முன்கைக்கு வழக்கமாக 3.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. அதற்கு 2.5 மில்லிமீட்டர் பிட்டால் துளை போடுவார்கள். எலும்பின் முதல் சுவரைத் துளைக்கும்போது டிரில்லின் சத்தம் இறுகிக் கேட்கும், நடுவில் மஜ்ஜைக்குள் போனதும் தளரும், எதிர்ச் சுவரைத் தொட்டதும் மறுபடி இறுகும். அந்த இரண்டாவது சுவரைத் தாண்டிய கணமே டாக்டரின் கை நின்றுவிடும். ஆழம் அளந்து "பதினாறு" என்பார், பதினாறு மில்லிமீட்டர் ஸ்க்ரூவை நான் எடுத்துக் கொடுப்பேன். கடைசித் திருகை முழுக் கை பலத்தால் முறுக்க மாட்டார், விரல் பலம்தான்.

இப்படி ஆறேழு துளைகள். ஸ்க்ரூவை எடுத்தால் அத்தனையும் வெற்று ஓட்டை. அவை நிரம்பப் பல மாதம் ஆகும். போதாததற்கு, இவ்வளவு நாள் பாரத்தைப் பிளேட் தாங்கியதால் அதன் அடியில் எலும்பு கொஞ்சம் மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலோ, வண்டியிலிருந்து கை ஊன்றி விழுந்தாலோ மறுபடி முறியலாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால்கூட முன்கை பிளேட்டுக்கு ஒன்றரை, இரண்டு வருஷமாவது காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, போடுவதைவிடக் கழற்றுவது கஷ்டம். ஆறு வருஷத்துக்கு முன் வேறு ஊரில் பிளேட் வைத்த ஒரு அம்மா எங்களிடம் வந்தார். ஆபரேஷன் குறிப்பு எதுவும் கையில் இல்லை. டைட்டானியம் லாக்கிங் ஸ்க்ரூ, அதாவது தலையிலும் மரை இருந்து பிளேட்டோடு பூட்டிக்கொள்ளும் வகை; அது பிளேட்டோடு இறுகப் பிடித்துக்கொண்டுவிட்டது. டிரைவரை வைத்துத் திருகியதும் ஸ்க்ரூத் தலையின் அறுகோணக் குழி வழவழவென்று தேய்ந்துபோயிற்று. கடைசியில் ஸ்க்ரூவின் தலையையே அரைத்து எடுத்தோம். உலோகத் தூள் தசையில் படாமல் சுற்றிலும் ஈரத் துணி வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே நின்றேன். அரை மணி வேலை என்று ஆரம்பித்தது இரண்டரை மணி நேரம் ஓடியது. முழங்கைப் பக்கமாகப் பிளேட் இருந்தால் விரல்களை நிமிர்த்தும் நரம்பும் அருகிலேயே ஓடுகிறது. பழைய தழும்புக்குள் அதைப் பிரித்துக் காண்பது லேசில்லை.

சீழ் வைத்தாலோ, ஸ்க்ரூ தளர்ந்து வெளியே தள்ளினாலோ, தோலில் உறுத்தி வலித்தாலோ எடுப்பதுதான் சரி. வளரும் குழந்தைகளின் கணக்கும் வேறு. விரலில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நாலைந்து வாரத்தில் ஓபியிலேயே உருவிவிடுவார்கள். அதை இதோடு சேர்க்காதீர்கள்.

எடுக்கிறீர்களோ இல்லையோ, ஆபரேஷன் நடந்த இடத்தில் இம்ப்ளான்ட் ஸ்டிக்கரின் (உள்ளே வைத்த பிளேட், ஸ்க்ரூவின் விவரச் சீட்டு) நகலைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி, அளவு, லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்), ஸ்டீலா டைட்டானியமா எல்லாம் அதில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அறுகோண டிரைவரா, நட்சத்திர டிரைவரா என்று முதல் நாளே எடுத்துவைப்போம். என் அப்பாவின் கையிலும் ஏழு வருஷமாக ஒரு பிளேட் இருக்கிறது. அவருடைய ஸ்டிக்கரை அம்மா ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.