யாருடைய கிணற்று நீர்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். திருவான்மியூர் முதல் நீலாங்கரை வரை கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தேன். அதைப் பொது வாசகர்களுக்காகத் தமிழில் எழுத ஆசை. பதவி உயர்வுக்கு அது உதவாது, வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள் துறையின் மூத்தவர்கள். எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுதுங்கள். ஆய்விதழில் உங்கள் பெயரோடு வந்துவிட்டால் அது உங்களுடையதுதான். வராத பகுதியை வந்த பிறகு எழுதுங்கள். பதவி உயர்வைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியல் எழுதிய பெ. நா. அப்புசாமி ஒரு வழக்கறிஞர்.

என்னை உறுத்துவது வேறு. உங்கள் கடிதத்தில் துறை வருகிறது, மூத்தவர்கள் வருகிறார்கள். கிணற்றுக்குச் சொந்தக்காரர்கள் ஒரு வரியில்கூட இல்லை.

கொட்டிவாக்கத்தில் அம்மா இருந்த வீட்டில் ஒரு கிணறு. ஓர் ஆய்வு மாணவர் மாதாமாதம் வந்து பாட்டிலில் நீர் எடுத்துப்போவார். அம்மா அவரை உட்காரவைத்து மோர் கொடுக்காமல் அனுப்பியதில்லை. "தண்ணீர் எப்படியப்பா இருக்கிறது?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். "பார்த்துச் சொல்கிறேன் அம்மா" என்பார் அவர். பிறகு வருவது நின்றுவிட்டது. பட்டம் கிடைத்திருக்கும். அம்மா கடைசிவரை அந்த நீரில்தான் சமைத்தார். அதில் என்ன இருந்தது என்பது ஆங்கில ஆய்வேடு ஒன்றின் அட்டவணையில் கிடக்கும்.

இதை மறதி என்று விட நான் தயாரில்லை. நீர் கொடுத்தவருக்கு முடிவைச் சொல்வது கடன். நீங்களும் அதை அடைக்கவில்லை. ஆசை என்று எழுதுகிறீர்கள். ஆசையாம்! எத்தனை வீட்டுக் கதவைத் தட்டியிருப்பீர்கள்?

கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது, அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும் என்பது உங்களுக்குப் பாலபாடம். வடக்கே மீஞ்சூரில் கடல்நீர் உட்புகுந்ததை 1969 வாக்கிலேயே கண்டுவிட்டார்கள். லாரிக்குத் தண்ணீர் விற்கும் தெற்குக் கரைக்காரருக்கு அதை யார் சொன்னார்கள்? குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீரே இல்லாத இடத்தில் 2,000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தன் கிணற்று நீரின் உப்பு அளவும் தெரிந்தால், மோட்டாரை எவ்வளவு நேரம் ஓடவிடுவது, எதைக் குடிப்பது என்று அந்த வீட்டுப் பெண்மணி தானே முடிவு செய்வார். அவருக்குப் புரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

முதல் கட்டுரையில் ஆய்வு முறையியல் வேண்டாம். மே மாத அளவையும் மழை முடிந்த ஜனவரி அளவையும் தெருவாரியாகக் கொடுங்கள். வீட்டு எண்களை விட்டுவிடுங்கள். வாடகைக்கு விடுபவர்களுக்குச் சங்கடம் வரும். அந்தந்த வீட்டின் அளவைத் தனித்தனித் தாளில் தமிழில் எழுதி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், கட்டுரை வெளிவருவதற்கு முன்பாகவே.